மரபா, உள்ளுணர்வா? வள்ளலார் வைத்த சோதனை

தைப்பூசத்தன்று தமிழர் கூட்டம் பெருவெள்ளமாகத் திரளும் இடங்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று பத்துமலை. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்பட்ட வெள்ளி இரதம் வந்து சேர, பால்குடங்களும் காவடிகளும் 272 படிகளில் ஏறிக்கொண்டிருக்கும். மற்றொன்று தமிழ்நாட்டில், கடலூர் மாவட்டத்து வடலூர். அங்கே எண்கோண வடிவில் கட்டப்பட்ட சத்திய ஞான சபையில் ஒரு தீபமும் ஒரு கண்ணாடியும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகப் பல நிறங்களும் கலந்த ஒன்று. திரைகள் ஒவ்வொன்றாக விலக, சோதி தெரியும். 1872 ஜனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தில் இராமலிங்க வள்ளலார் இதைத் தொடங்கி வைத்தார்.

திரைகள் ஏழும் ஏழு சக்திகள், அவை ஆன்மாவின் ஒளியை மறைத்து நிற்கின்றன என்பது சன்மார்க்க விளக்கம். அப்படியானால் அந்தக் கட்டடம் எதைக் காட்டுகிறது? அங்கே போய் நிற்பவரையே காட்டுகிறது. தீபம் அவருக்குள் இருக்கும் அறிவு. திரை அவருக்குள் இருக்கும் மறைப்பு. வடலூர் வரை போய், சோதி தரிசனம் கண்டு, பிரசாதத்தோடு திரும்பி, வீட்டில் பழையபடியே நடந்துகொள்பவர், திரை விலகியதைப் பார்த்தார் என்று சொல்லலாமே தவிர, தமது திரை விலகியது என்று சொல்ல முடியாது.

இப்படிப் பொருள் காண்பது வள்ளலாருக்கு முன்பே தமிழில் வேரூன்றிய பழக்கம். சிவபெருமான் மூன்று கோட்டைகளை எரித்த கதையைத் திருமூலர் எடுத்துக்கொண்டு, முப்புரம் என்பது ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களே என்கிறார். கோட்டைகள் எரிந்ததாகச் சொல்லித் திரிபவர்களை அவர் மூடர்கள் என்றே சொல்லிவிடுகிறார். உடம்பே ஆலயம் என்று சொன்னவரும் அவரே. சிவவாக்கியர் இன்னும் கடுமையானவர். இறைவன் உள்ளே இருக்கும்போது நட்டு வைத்த கல்லைச் சுற்றி வந்து முணுமுணுப்பது எதற்கு என்று கேட்டவர். இவர்களை யாரும் வெளியிலிருந்து வந்த எதிரிகளாக எண்ணுவதில்லை. திருமந்திரம் பன்னிரு திருமுறைகளுள் பத்தாவது. மரபைக் கேள்வி கேட்ட குரலை மரபே தன் நடுவில் உட்கார வைத்திருக்கிறது.

கந்த சஷ்டி முடிவில் கிள்ளான் பள்ளத்தாக்கு முருகன் கோயில்களில் நடக்கும் சூரசம்ஹாரத்தைப் பாருங்கள். தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபத்மன் ஆணவம், வேல் ஞானம் என்பது பெரியோர் சொல்லும் விளக்கம். ஆனால் ஒரு குழந்தை கேட்கும்: தம்பிமார் இரண்டு பேரையும் முருகன் கொன்றாரே, சூரனை மட்டும் ஏன் சேவலாகவும் மயிலாகவும் ஆக்கினார்? விடை சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமைதான் ஒடுங்கும். எதிர்த்து நின்றது கொடியாகவும் வாகனமாகவும் அடங்கி நிற்கும். கதையைக் கதையாக மட்டும் வைத்துக்கொண்டால் இந்த நுட்பம் கைக்கு வராது. ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூரன் என்பது ஆணவம் என்று மேடையில் சொன்னால் கூட்டம் முழுவதும் தலையாட்டும். அப்போது ஒவ்வொருவர் மனத்திலும் வந்து நிற்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் ஆணவம்தான்.

1873 அக்டோபர் 22ஆம் நாள், வடலூரை அடுத்த மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி ஏற்றிவைத்து வள்ளலார் நிகழ்த்திய பேருபதேசம் இந்தப் பொருளில் மிக முக்கியமானது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகியவற்றில் இலட்சியம் வைக்க வேண்டாம் என்று அவர் அதில் சொல்கிறார். காரணம், அவற்றில் உண்மை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எல்லாம் குழூஉக்குறியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். அது போல, அறிந்தவர் கூட்டத்துக்கு மட்டும் விளங்கும் மறைமொழி. காலப்போக்கில் அந்தக் கூட்டம் கலைந்து போனது. சொல் மட்டும் நின்றது. கேட்டவர்கள் சொல்லையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் கருத்து. தாமும் ஒரு காலத்தில் சைவத்தில் அளவில்லாத பற்று வைத்திருந்ததாகவும், அப்போது தமக்கு இருந்த அறிவு குறைவு என்றும், அதற்குத் தம் பழைய பாடல்களே சாட்சி என்றும் அதே உபதேசத்தில் சொல்கிறார். திருமுறைக்கு நிகராகத் தம் பாடல்களை அடியார்கள் போற்றிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் முன்னாலேயே ஒருவர் இப்படிச் சொல்வது சாதாரணமான செயல் இல்லை.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1867இல் அவர் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சேறின. இரண்டே ஆண்டில், 1869இல், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்துவிட்டது. நாவலர் 1822இல் பிறந்தவர், வள்ளலார் 1823இல். ஒரே தலைமுறை, இரண்டு பேருமே சிவநெறியில் ஊறியவர்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஜாலான் ஸ்காட்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலுக்குப் போய் வருபவர்களுக்கு நாவலர் எவ்வளவு பெரியவர் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த அந்தக் குடும்பங்கள் தேவாரத்தையும் ஆகம முறையையும் கூடவே கொண்டுவந்து காத்தார்கள். நாவலரைப் பழைமைவாதி என்று ஒரு சொல்லில் தள்ளுவது நியாயமாகாது. கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்றார். தம் சொந்த ஊர் நல்லூர்க் கோயிலிலேயே ஆகம விதி மீறப்படுகிறது என்று துணிந்து எழுதினார். அவர் கேள்விக்கும் கனம் உண்டு. ஆளுக்கு ஆள் 'எனக்கு உள்ளே தோன்றியது' என்று கிளம்பினால், எது அருள், எது மனமயக்கம் என்று யார் பிரித்துச் சொல்வது?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. உள்ளே தோன்றுவதெல்லாம் உண்மை என்றால் கோபமும் உள்ளேதான் தோன்றுகிறது, பொறாமையும் உள்ளேதான் தோன்றுகிறது. தாயின் திவசத்தன்று வெளியூர்ப் பயணம் வைத்துக்கொண்டு, 'சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை, மனசாட்சிதான் முக்கியம்' என்பவர் உண்டு. அவர் மனசாட்சி அவருக்கு இதுவரை ஒரு காசு நட்டம்கூட வைத்ததில்லை என்பதைக் கவனித்தால் போதும், விஷயம் விளங்கிவிடும்.

வள்ளலாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் இதற்கு விடை இருக்கிறது. மற்றோர் உயிர் துன்பப்படுவதைக் கண்டும் சிலருக்கு ஏன் மனம் உருகுவதில்லை என்று அவரே கேள்வி எழுப்பிக்கொள்கிறார். ஆன்ம அறிவு ஒரு கண். அந்தக் கண் அஞ்ஞானத்தால் மங்கியிருக்கிறது. அதற்குத் துணையாக உள்ள மனம் முதலியவை மூக்குக் கண்ணாடி போன்றவை. அந்தக் கண்ணாடியும் தடித்துப் போயிருக்கிறது. அதனால்தான் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். உள்ளுணர்வு தவறவே தவறாது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். அதற்கும் புரை விழும் என்கிறார். புரை விழுந்திருக்கிறதா என்று கண்டுகொள்ள ஒரே சோதனையைத்தான் வைக்கிறார்: பிற உயிரின் பசியும் வலியும் தெரிகிறதா?

சோதனையை ஏட்டோடு விடவும் இல்லை. சபை கட்டுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். வருகிறவருக்குச் சாதி சமயம் கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. முதலில் அடுப்பு, பிறகுதான் தீபம் என்ற இந்த வரிசையைப் பலரும் கவனிப்பதில்லை. சபைக்குள் நுழையவும் சாதி பார்க்கவில்லை. கொலையும் புலாலும் தவிர்த்தவரா என்ற ஒன்றை மட்டும் வைத்தார்.

பிரிக்பீல்ட்ஸில் 1894இல் தோன்றிய பௌத்த மகா விகாரையிலும் இதே கேள்வி வேறொரு பக்கத்திலிருந்து பேசப்பட்டு வந்திருக்கிறது. 1952 முதல் 2006இல் மறையும் வரை அங்கே தலைமைத் தேரராக விளங்கியவர் கே. ஸ்ரீ தம்மானந்தா. பௌத்தர்கள் போற்றும் காலாம சூத்திரத்தில் புத்தர், வழிவழியாக வந்தது என்பதற்காக ஏற்காதே, நூலில் இருக்கிறது என்பதற்காக ஏற்காதே, குரு சொன்னார் என்பதற்காகவும் ஏற்காதே என்று அடுக்குகிறார். இந்தப் பாதியை எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். மறு பாதியை விட்டுவிடுவார்கள். இது தீங்கு தருமா, துன்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்குமா, அறிவுடையோர் இதைப் பழிப்பார்களா என்று நீங்களே கண்டறிந்து விடுங்கள் அல்லது கொள்ளுங்கள் என்பது அந்த மறு பாதி. வடலூர்ச் சோதனையும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இனி இது வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். கிள்ளானில் ஒரு மண்டபம். திருமணம். மணமகனின் அப்பா அவன் சிறு பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியும், பின்னர் டவுனுக்கு வந்து விடியற்காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டியும் அவனை வளர்த்தவர். தாலி வைத்த தட்டு ஆசிக்காகச் சபையில் வலம் வருகிறது. சித்தி தொடுகிறார், மாமி தொடுகிறார், முகம் தெரியாத விருந்தினர்கூடத் தொடுகிறார். அம்மா கடைசி வரிசையில் தூண் ஓரமாக நிற்கிறார். தட்டு அந்தப் பக்கம் போவதில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை, அவரே ஒதுங்கிக்கொண்டார். கேட்டால், "சம்பிரதாயம்பா, நீங்க நல்லா இருக்கணும்" என்பார்.

அந்த நேரத்தில் மண்டபத்தில் உள்ள எத்தனையோ பேருக்கு நெஞ்சில் ஒரு முள் குத்துகிறது. குத்தாமலில்லை. வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். உள்ளுணர்வு என்றால் ஏதோ தியானத்தில் தெரியும் வெளிச்சம் என்று நினைப்பவர்கள் அந்த முள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வள்ளலார் சேர்த்தார். 1871இல் அன்பர்களுக்கு விடுத்த அறிவிப்பில், கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். மனைவி இறந்தால் கணவன் வேறு திருமணம் செய்ய வேண்டாம் என்று அதே மூச்சில் ஆணுக்கும் சொன்னார். கருமாதி, திதி எதுவும் வேண்டாம் என்றார். 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வள்ளலார் படத்தை மாட்டி, அகல் ஏற்றி, அருட்பெருஞ்சோதி என்று நாள்தோறும் சொல்லும் வீடுகளில்கூட, துக்கம் நடந்தால் பதினாறாம் நாளுக்குள் தாலி கழற்றப்படுகிறது. அவர் பாடல் மரபாகிவிட்டது. அவர் சொன்னது உள்ளே போகவில்லை.

இதே கதை வடலூரிலும் நடந்தது. சபையில் தீபத்தைக் கவனிக்கிறவர்கள் 12 வயதுக்கு உட்பட்டவர்களாகவோ 72 வயதுக்கு மேற்பட்டவர்களாகவோ இருக்க வேண்டும் என்று வள்ளலார் விதித்திருந்தார். ஆசை தொடங்காத வயது, ஆசை ஓய்ந்த வயது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் அவர் 1874 ஜனவரி 30ஆம் நாள் சித்திவளாக அறைக்குள் சென்ற பின், காலப்போக்கில் சபையில் லிங்கமும் வழக்கமான பூசை முறைகளும் வந்து சேர்ந்தன. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டார்கள். 2006இல் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறை, வள்ளலார் வகுத்த சோதி வழிபாடு மட்டுமே அங்கே நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. சடங்கு வேண்டாம் என்று சொன்னவரின் சபையில் அவர் சொல் நிலைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகி, கடைசியில் நீதிமன்றப் படியும் ஏற வேண்டியிருந்தது.

ஆகவே பத்துமலைக் காவடியை இறக்கி வைத்துவிடுங்கள் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நாக்கில் குத்தும் சிறு வேல் மௌன விரதத்தின் அடையாளம் என்பார்கள். அந்த மௌனத்தை 48 நாளும் வீட்டில் காத்து, மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் இருந்து மலையேறுபவருக்கு அந்த அடையாளம் உயிரோடு இருக்கிறது. அவரிடம் போய் உட்பொருள் பேசுவது தேவையற்ற வேலை. பெரிதாக்கிக்கொண்டே போகும் காவடிக் கூண்டுக்கும் எதிரே நிற்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்பவரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. இந்து சங்கமும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுதோறும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

கிள்ளான் மண்டபத்துக்கு வருவோம். மகன் மணமேடையிலிருந்து எழுந்து, தாலித் தட்டை வாங்கி, தூண் ஓரம் போய் அம்மாவிடம் நீட்டினால் என்ன ஆகும்? மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பெண் வீட்டில் ஒருவர் சகுனம் பேசுவார். ஒரு பெரியப்பா சாப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு தீபாவளிக்கு அந்த வீட்டுப் படி மிதிக்காமலும் இருக்கலாம். செலவு இருக்கிறது, அதை மகன்தான் ஏற்க வேண்டும். அம்மாவுமே பதறிப்போய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார், "வேணாம்பா, நாலு பேர் பார்க்கிறாங்க" என்பார். அவர் கையைப் பிடித்துத் தட்டில் வைப்பதற்கு அரை நிமிடம் போதும். ஐயர் அதுவரை காத்திருப்பார்.