படித்துப் பார்த்தவர் யார்?



இசைக்குப் பேர்போன பண்ணைப்புரத்தில் மேடை ஏறினால் இசையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எனக்குச் சுருதி பிடிபடாது. ஆய்வுக் கட்டுரை எழுதுவதும், பிறர் எழுதியதைப் படித்துத் தேறுமா தேறாதா என்று சொல்வதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். அதைப் பற்றியே பேசுகிறேன்.

மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் போடியில் ஏலத்துக்கு வருகிறது. மூட்டையில் ஒட்டிய சீட்டைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை. மாதிரியைக் கையில் கொட்டி, உருட்டி, மோந்து, காயை உடைத்து அரிசியைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். ஆய்வுலகத்தில் நாம் சீட்டைப் படிக்கப் பழகிவிட்டோம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தால் அது தரமான இதழ் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. அது வெறும் அடையாள எண். விண்ணப்பித்தால் கட்டணமில்லாமலே கிடைக்கும். வண்டியின் பதிவெண்ணைப் பார்த்து ஓட்டுநரின் திறமையைச் சொல்ல முடியுமா?

என்னிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். திங்கட்கிழமை அனுப்பிய கட்டுரைக்கு வியாழக்கிழமையே ஏற்புக் கடிதம். இரண்டு மதிப்பீட்டாளர்கள் பாராட்டியதாகக் கடிதம் சொன்னது. வெளியீட்டுக் கட்டணம் கூகுள் பேயில் போயிருந்தது. இதழ் வந்ததும் புரட்டினேன். கையெழுத்துப் படியின் ஓரத்தில் ‘இது எந்தப் பதிப்பு? பார்த்துச் சொல்’ என்று நான் கிறுக்கியிருந்தேன். தட்டச்சில் அதுவும் கட்டுரைக்குள் புகுந்து, அப்படியே அச்சாகியிருந்தது. பாராட்டிய இருவரும் அந்தப் பக்கம் வரை போகவில்லை. இதழின் பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட இதழ் ஒன்றிரண்டு அல்ல.

இந்த வியாபாரம் எப்படி வளர்ந்தது? 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று ஆனதும் கட்டுரை சரக்காயிற்று. போலிகளைத் தடுக்க ஓர் அங்கீகாரப் பட்டியல் போட்டார்கள். பட்டியலுக்குள்ளேயே போலிகள் நுழைந்தன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களைப் புனே ஆய்வாளர்கள் சோதித்து, 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டபோது தலைகுனிய வேண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பலர் குறைப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. பட்டியல் எதையும் படிக்காது.

படித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு நம் மரபில் ஒரு பழைய கதை இருக்கிறது. தருமி கதையைச் சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அது சினிமாவிலேயே தேய்ந்துவிட்டது. நான் சொல்வது இறையனார் களவியல் உரையில் வருவது. அந்த நூலின் அறுபது சூத்திரங்களுக்குச் சங்கத்தார் ஆளுக்கொரு உரை செய்தார்கள். எது மெய்யுரை என்பதில் வழக்கு. ஒவ்வொருவரும் உரைகாரர், ஒவ்வொருவரும் போட்டியாளர். அவர்களில் யார் தீர்ப்புச் சொன்னாலும் தன் உரைக்காகச் சொன்னதாகவே ஆகும். எனவே வெளியிலிருந்து ஒரு ‘காரணிகன்’, அதாவது நடுவர், வேண்டியிருந்தது. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஐந்து வயது, வாய் பேசாத பிள்ளை. மருதன் இளநாகனாரின் உரையில் சில இடங்களில் அவன் கண்ணீர் விட்டான், மெய் சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் அப்படி ஆனான்.

குழந்தை தீர்ப்பளிப்பதா என்று சிரிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. உரைகளை உட்கார்ந்து கேட்டான். மதிப்பீட்டு அறம் என்று இன்று நூல் நூலாக எழுதுவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும். இன்றைய ஏற்பாட்டில் ஆசிரியர் பெயரையும் மதிப்பீட்டாளர் பெயரையும் மறைத்துவிடுகிறோம். தமிழாய்வு சின்ன உலகம். நான்கு பக்கம் படித்தால் எந்த ஊர், யாருடைய மாணவர் என்று நடையே காட்டிக்கொடுத்துவிடும். பெயரை மறைத்தாலும் மனச்சாய்வை மறைக்க முடிவதில்லை.

நானும் யோக்கியனில்லை. ஒரு கட்டுரை எட்டு மாதம் என் மேசையில் கிடந்தது. இதழாசிரியர் மூன்றாம் முறை நினைவூட்டியபோது முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் பார்த்து, ‘சிறு திருத்தங்களுடன் வெளியிடலாம்’ என்று எழுதினேன். எந்தத் திருத்தம் என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது. இந்த வேலைக்குப் பணம் கிடையாது, புள்ளியும் கிடையாது என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து ஊரான தேவாரம் தாண்டினால் பொட்டிப்புரம். அந்த மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பிறர் படித்துப் பிழை காண்பதைப் பற்றிப் பேசும்போது அந்தத் துகளைப் பற்றிய வேறு ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2011 செப்டம்பரில், ஜெனீவாவுக்கு அருகிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோ, ஒளியைவிட 60 நானோ நொடி முன்னால் வந்ததாக ‘ஓபரா’ ஆய்வுக் குழுவினர் அறிவித்தார்கள். எங்கள் கணக்கில் பிழை இருந்தால் கண்டுபிடியுங்கள் என்று உலகத்தின் முன் வைத்தார்கள். சில மாதங்களில் பிழை தெரிந்தது: சரியாகச் செருகப்படாத ஒரு கண்ணாடி இழைக் கேபிள். குழுத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. திருத்திய அளவீட்டை அவர்களே பிறகு வெளியிட்டார்கள்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு முதல், சொற்பொழிவை அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் எழுதும் குறிப்பையும் சிறுநூலின் கடைசியில் போடுங்கள். என் உரையைப் போன வாரமே ஓர் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். நியூட்ரினோ பத்தியில் நான் ‘நிரூபித்தார்கள்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, மேலே ‘அறிவித்தார்கள்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.