இருப்புப்பாதைக்கும் தில்லியின் இசைவா?



உடலுக்குக் குருதியோட்டம் எப்படியோ, நாட்டுக்குப் போக்குவரத்து அப்படி. குருதி தலைக்கே ஏறிக் கைகால்கள் வெளிறினால் அது வளர்ச்சியன்று, வீக்கம். சென்னை வீங்குகிறது, மதுரையும் கோவையும் ஏங்குகின்றன.

இவ்விரு நகரங்களுக்கும் நாம் கேட்ட நகரத் தொடர்வண்டித் திட்டங்களை 2025 நவம்பரில் நடுவணரசு திருப்பி அனுப்பியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள்தொகை 20 இலக்கம் இல்லையென்பது அவர்கள் காட்டிய முதற் கரணியம். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை எடுக்காதவர் யார்? அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 20 இலக்கத்தை எட்டாத ஆக்கிராவில் 2024 முதல் அவ்வண்டி ஓடுகிறதே! அங்கே வளைந்த அளவுகோல் இங்கே மட்டும் நிமிர்வதேன்?

மக்கள் நெருங்கிய பின்பே பாதை என்பது, வெள்ளம் புகுந்தபின் கரை கட்டும் அறிவு. பாதை முன்செல்ல, ஊர் பின்வளர்வதே முறை.

சென்னைத் தொடர்வண்டியின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி உருபா. நடுவண் அமைச்சரவை அதற்கு இசைந்தது 2024 அக்தோபரில். அதுவரை அச்சுமையைப் பெரிதும் சுமந்தது தமிழ்நாடே. நகரப் பேருந்தில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல 2021இல் வழிசெய்ததும் நம் வரிப்பணமே.

நாம் கேட்பது இரவலன்று. நாம் தந்த வரியில் உரிய பங்கு. நம் ஊர்ப்பாதையை நாமே முடிவுசெய்யும் உரிமை. மடல் எழுதிக் காத்திருந்தது போதும். ஊர்தோறும் இதனை எடுத்துரைப்போம், எழுமின்!

வெல்க தமிழ்!