குடும்ப ஆராய்ச்சியில் உலக நாடுகளின் கூட்டுறவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ இசையோ பேசுவதே வழக்கம். எனக்குத் தரப்பட்ட பொருளோ சற்று வறண்டது. குடும்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலும், குடும்பத்திற்கென அரசு வகுக்கும் கொள்கையிலும் பல நாடுகள் கூடிச் செய்த முயற்சியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஆயினும் அம்முயற்சியின் ஒரு பெரும்பகுதி நம் வாசலிலேயே நடைபெற்றது என்று அறிந்தால், வறட்சி ஓரளவு நீங்கும்.

திலக் நகர் நிலையத்தில் வண்டி ஏறினால் அடுத்தது செம்பூர்; அதற்கடுத்தது கோவண்டி. அந்நிலையச் சாலையில், தேவ்னாரில், பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கின்றது. இந்திய அரசும், ஐக்கிய நாடுகள் சபையும், சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையும் சேர்ந்து 1956-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய மக்கள்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமே இன்று இப்பெயரோடு விளங்குகின்றது. ஆசிய நாடுகள் பலவற்றின் மாணவர்கள் வந்து பயின்ற இடம் அது. நம்மில் பலர் அதன் மதிலோரமாகப் பேருந்தில் போயிருப்போம்; உள்ளே என்ன நடக்கின்றது என்று வினவியிருக்கமாட்டோம்.

இதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1952 நவம்பரில், பம்பாயில் ஓர் உலக மாநாடு கூடியது. பன்னாட்டுக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பு அங்கேதான் பிறந்தது. எட்டு நாடுகளின் சங்கங்கள் அதன் தொடக்க உறுப்பினர்கள். அமெரிக்காவின் மார்கரெட் சாங்கரும் நம் நாட்டின் தன்வந்தி ராமராவும் இணைத் தலைவர்களாயினர். தன்வந்தி அம்மையார் காஷ்மீரக் குடும்பத்தவர். ஆயினும் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் நாமும் சிறிது உறவு கொண்டாடலாம்.

இந்தத் தேவ்னார் நிலையத்தின் இயக்குநராகப் பணியாற்றிய சி. சந்திரசேகரன் என்ற அறிஞரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் என்பவரோடு சேர்ந்து அவர் 1949-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவை அடுத்த சிங்கூர் வட்டாரத்தின் பிறப்பு, இறப்புக் கணக்குகளே அதற்கு அடிப்படை. பதிவாளர் ஏட்டில் எல்லாப் பிறப்பும் ஏறுவதில்லை. வீடுவீடாகச் சென்று கேட்டாலும் சில விடுபட்டுப் போகும். இரண்டிலும் விடுபட்டவை எத்தனை என்று எவ்வாறு அறிவது?

நம் வீட்டுத் திருமணம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வாயிலில் நிற்கும் தம்பி வந்தவர் பெயர்களை எழுதுகின்றான். பந்தியில் நிற்கும் மைத்துனர் தனியே எழுதுகின்றார். தம்பியின் ஏட்டில் 80 பெயர். மைத்துனர் ஏட்டில் 60. இரண்டிலும் காண்பவை 48. தம்பி கண்ட 80 பேரில் மைத்துனர் கண்டது 48, அதாவது நூற்றுக்கு 60. ஒருவர் ஏட்டை மற்றவர் பாராமல் எழுதியிருந்தால், மைத்துனர் மொத்தக் கூட்டத்திலும் நூற்றுக்கு 60 பேரையே கண்டிருப்பார். ஆகவே வந்தவர் ஏறத்தாழ 100 பேர். இருவர் கண்ணிலும் படாதவர் எண்மர். முறை இவ்வளவுதான். பதிவேடு சரியாக அமையாத நாடுகள் பலவற்றுக்கு இது கைவிளக்காயிற்று. ஓர் இந்தியரும் ஓர் அமெரிக்கரும் ஒரே வினாவின் முன் சமமாக அமர்ந்ததன் பயன் இது.

எல்லாக் கூட்டுறவும் இவ்வாறு அமையவில்லை. பஞ்சாபில் லூதியானா மாவட்டத்துச் சிற்றூர்களில் 1953 முதல் 1960 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கன்னா ஆய்வு என்ற ஒன்றை நடத்தினர். ராக்பெல்லர் நிறுவனம் பொருளுதவி செய்தது. கருத்தடை மாத்திரைகளை வீடுதோறும் கொடுத்தனர். மக்களும் மறுக்காமல் வாங்கிக்கொண்டனர். பின்னர், பம்பாயில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்த மஹ்மூத் மம்தானி என்பவர் அவ்வூர்களில் ஒன்றான மனுப்பூருக்குச் சென்று விசாரித்து, 1972-இல் ஒரு நூல் எழுதினார். வீடு தேடி வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று வாங்கியவர்கள் பலர், பயன்படுத்தியவர்கள் சிலரே. ஒருவர் அவற்றை அடுக்கிச் சிற்பம் போலச் செய்து வைத்திருந்தாராம்! உழவுக்குக் கை வேண்டும்; மூத்த பிள்ளைகள் உழைத்தால்தான் இளையவன் படிக்க முடியும். அவர்களுக்குப் பிள்ளைகள் பாரம் அல்லர், பலம். இதை முதலில் கேட்டிருந்தால் அத்தனை பணமும் காலமும் வீணாகியிரா. பணம் தருபவரே வினாவையும் வகுத்துத் தந்தால் நேர்வது இதுதான் என்பது என் கருத்து.

இனி நம் கதைக்கு வருகின்றேன். தேவ்னார் நிறுவனம் 1992-93 முதல் தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்தி வருகின்றது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 6,36,699 குடும்பங்களைக் கண்டனர். முதற் சுற்றில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.4 குழந்தைகள், ஐந்தாம் சுற்றில் 2.0. தமிழ்நாட்டில் 1.8, மகாராஷ்டிரத்தில் 1.7. நம் பாட்டிமார் இவ்வெண்களை நம்பமாட்டார்கள்.

இத்தகைய ஆய்வுகளில் குடும்பம் என்பது எது? ஒரு வீட்டில் வழக்கமாக வாழ்ந்து, ஓர் அடுப்பில் சமைத்ததை உண்போர். உலகெங்கும் ஏறத்தாழ இதே இலக்கணம்தான். நாட்டோடு நாட்டை ஒப்பிட இது வேண்டும். ஆனால் இக்காலனியில் இது யாரை அளக்கின்றது? திருநெல்வேலியில் தாய், இங்கே மகன். மாதந்தோறும் பணம் போகின்றது. கோடையில் பேரன் போகின்றான். கண் அறுவைக்குத் தாய் இங்கே வருகின்றாள். அடுப்பு இரண்டு, ஆகவே கணக்கில் குடும்பமும் இரண்டு. அங்கே அவள் தனித்து வாழும் முதியவள். இங்கே அவன் பெற்றோர் பொறுப்பு இல்லாத இல்லத்தான். அங்கே இருமுகின்ற தாய்க்காக இங்கே உறங்காதிருக்கும் மருமகளை எந்தப் பத்தியில் எழுதுவது?

இந்தக் குறையை ஓரளவு நீக்கியது 2017-18-இல் அதே நிறுவனம் நடத்திய முதுமை ஆய்வு. ஹார்வர்டும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் அதில் துணை நின்றன. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களையும் அவர்தம் துணைவர்களையுமாக 72,250 பேரைக் கண்டனர். 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வின் வார்ப்பு அது. இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் அதன் உடன்பிறப்புகள் உண்டு. அதில், உடன் வாழாத பிள்ளைகளைப் பற்றியும் கேட்கின்றனர். அவர்களுக்கும் பெற்றோருக்கும் இடையே நடக்கும் உதவியையும் கேட்கின்றனர். வார்ப்பு வெளிநாட்டுடையது என்றாலும், வினா நம் தாய்மாருக்குப் பொருந்துகின்றது. இம்முறை வெளியாரை நான் குறை சொல்லமாட்டேன்.

நாடகக் குழுவினர் ஒப்பனையோடு காத்திருக்கின்றனர். தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கின்றார்.