தேர்ச்சி விழுக்காடும் ஓர் ஆடும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் அரசு உயர்நிலைப் பள்ளியைப் பற்றி நாம் கேட்பது ஒன்றுதான்: "தேர்ச்சி எத்தனை விழுக்காடு?" ஐந்து பாடங்கள், பாடத்துக்கு 100-க்கு 35. ஆசிரியர் ஆண்டெல்லாம் பட்ட பாட்டை அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடுகிறோம்.

அறுவடைக் காலத்தில் மாணவன் ஒருவன் நின்றுவிடுகிறான். வருகைப் பதிவேடு, எமிஸ் பதிவு, மாலைச் சிறப்பு வகுப்பு எல்லாம் முடித்துவிட்டு வகுப்பாசிரியர் அவன் வீடு தேடிப் போகிறார்.

"வேலைக்குப் போனா கூலியாவது வரும் சார்" என்கிறார் தகப்பன். அதற்கு உடனே என்ன பதில் சொல்ல முடியும்? ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் விழுக்காடு போடுகிறார்கள். அவன் வராவிட்டால் கணக்குக் கெடாது. வந்து தவறினால் இவரிடம் விளக்கம் கேட்பார்கள். தெரிந்தேதான் போகிறார்.

லூக்கா 15-ஆம் அதிகாரத்து ஆயனிடமும் தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருந்தன. நம் கணக்கில் அது 99 விழுக்காடு; கைதட்டிப் பாராட்டியிருப்போம்!

அந்தத் தகப்பன் நம் தெருக்காரர்தான். அடுத்தமுறை ஆசிரியர் போகும்போது நம்மில் ஒருவர் கூடப் போகலாம். கூலி போனால் அந்த வீட்டில் என்ன செய்வார்கள் என்பதையும் அங்கேயே உட்கார்ந்து பேசலாம்.