டியூபாவுக்கும் ஒரு சொனாட்டா

(இசை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இருபதாம் நூற்றாண்டின் மேலை இசைத்தாள்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அது பெரிய கடல். நான் பால் ஹிண்டமித் என்ற ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

பதினான்கு வயதில் எங்கள் ஊர்ப் பேண்டு குழுவில் சேர்ந்தேன். டிரம்பெட் கேட்டேன், டியூபாவைக் கொடுத்தார்கள். உடம்பு பெரிதாக இருந்ததுதான் என் தகுதி. நான்கு ஆண்டுகள் மெட்டெல்லாம் முன்வரிசைக்குப் போயிற்று. எனக்கு வந்தது 'பூம், பூம்' மட்டும். எந்தப் பாட்டுக்கு வாசிக்கிறேன் என்று தெரியாமலேயே வாசித்த நாள்களும் உண்டு. குழுவுக்குப் பயிற்சி தந்த பெரியவர் ஒருநாள் பழைய இசைத்தாள் புத்தகம் ஒன்றைக் காட்டினார். ஹிண்டமித் எழுதிய சொனாட்டா. டியூபா முன்னால் நிற்கிறது, பியானோ அதற்குத் துணையாக வருகிறது! அதை என்னால் வாசிக்க முடியவில்லை. அது வேறு கதை. ஆனால் என் வாத்தியத்துக்காகவும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஹிண்டமித் 1895இல் ஜெர்மனியின் ஹனாவ் நகரில் பிறந்தவர். பிராங்பர்ட் ஆபரா குழுவில் வயலின் வாசித்தார். பிறகு வயோலாக் கலைஞராகப் பெயர் பெற்றார். வயோலாவும் நடுவில் மறைந்து நிற்கும் வாத்தியம்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து பழகியவர் என்பதை மறக்க வேண்டாம். 1927 முதல் பெர்லினில் இசைக் கல்லூரி ஆசிரியர்.

1935 முதல் 1955 வரை, ஒவ்வொரு வாத்தியமாக எடுத்து, பியானோவுடன் சேர்ந்து வாசிக்கச் சொனாட்டாக்கள் எழுதினார். புல்லாங்குழலுக்கு 1936, ஓபோவுக்கும் பசூனுக்கும் 1938, கிளாரினெட், ஹார்ன், டிரம்பெட் மூன்றுக்கும் 1939 என்ற ஒரே ஆண்டில், டிராம்போனுக்கு 1941, டபுள் பாஸுக்கு 1949, கடைசியாக 1955இல் டியூபாவுக்கு. வயலினுக்கும் செல்லோவுக்கும் எழுதப் பெரியவர்கள் பலர் இருந்தார்கள், அவரும் எழுதினார். டபுள் பாஸுக்கும் டியூபாவுக்கும் அப்படி யார் இருந்தார்கள்?

நிம்மதியாக உட்கார்ந்து எழுதிய காலமல்ல அது. 1936இல் நாஜி அரசு அவர் இசையைப் பொது மேடையில் வாசிக்கத் தடை விதித்தது. அந்த ஆண்டு எழுதிய புல்லாங்குழல் சொனாட்டா முதன்முதலில் ஒலித்தது 1937இல், வாஷிங்டனில். இடையில் துருக்கிக்குப் பலமுறை சென்று அந்நாட்டின் இசைக் கல்வியைச் சீரமைக்க உதவினார். 1938இல் ஸ்விட்சர்லாந்து, 1940இல் அமெரிக்கா. டிரம்பெட் சொனாட்டா உலகப் போர் தொடங்கிய ஆண்டில் பிறந்தது. அதன் கடைசிப் பகுதி இரங்கல் இசை. எல்லா மனிதரும் இறந்தே தீர வேண்டும் என்ற பொருளுடைய பழைய ஜெர்மானியத் துதிப்பாடலின் மெட்டோடு அது முடிகிறது. டிரம்பெட் என்றால் அணிவகுப்புதான் என்று நினைக்கும் மாணவருக்கு அதைக் கேட்கக் கொடுங்கள்.

இவர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எழுதியவர். 1930இல் பிள்ளைகள் நடிக்க 'நாம் ஒரு நகரம் கட்டுவோம்' என்ற இசை நாடகம். 1932இல் வடஜெர்மனியில் ப்ளோன் என்ற ஊரின் பள்ளிக்காக ஒரு நாள் முழுவதற்குமான இசை: காலையில் கோபுரத்திலிருந்து ஊதுவதற்கு, சாப்பாட்டு வேளைக்கு, மாலைக் கச்சேரிக்கு என்று தனித்தனியாக. நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் எப்படி இருக்கும்!

இனி இசைத்தாளுக்கு வருவோம். கடையில் ஒரு சொனாட்டா வாங்கினால் இரண்டு வந்து சேரும். ஒன்று பியானோக்காரரின் புத்தகம். அதில் பியானோவுக்கான இரண்டு ஐந்துகோட்டு வரிசைகள். அவற்றின் மேல், சற்றுச் சிறிய அச்சில், மற்றவர் வாசிக்கும் வரி. இன்னொன்று அந்தப் புத்தகத்துக்குள் செருகி வைத்த தனித்தாள். அதில் அவருடைய வரி மட்டும். ஆக, பியானோக்காரருக்கு இருவர் வாசிப்பும் தெரியும். மற்றவருக்குத் தன் பங்கு மட்டுமே தெரியும். அவர் பல அளவுகள் சும்மா இருந்துவிட்டு மீண்டும் நுழைய வேண்டிய இடங்களில், பியானோவின் வரியைச் சிறுசிறு சுரங்களாக அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். 'இதைக் கேட்டதும் நீ வா' என்று பொருள். கிளாரினெட்டில் இன்னொரு சிக்கல் உண்டு: பி-பிளாட் கிளாரினெட்டுக்காரர் தாளில் பார்ப்பது டி; காதில் விழுவது சி. இதைச் சொல்லாமல் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் முதல் நாளே சண்டைதான்.

ஹிண்டமித் எழுதியதெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். சில பகுதிகள் வறட்சியாக, கணக்குப் போட்டதுபோல் இருக்கின்றன. பியானோ பங்கும் கடினம். துணைக்கு வந்தவர்தான் அதிகம் வியர்ப்பார். ஆனாலும் கிளென் கூல்ட் என்ற பெரும் பியானோக் கலைஞர், பித்தளை வாத்தியங்களுக்கான ஐந்து சொனாட்டாக்களிலும் துணை வாசித்துப் பதிவு செய்தார், 1976இல் வெளிவந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 1943இல் ஆல்டோ ஹார்னுக்கு எழுதியது. கடைசிப் பகுதிக்கு முன் இருவரும் வாசிப்பை நிறுத்திவிட்டு, பழைய தபால் வண்டி ஊதுகொம்பைப் பற்றி அவர் எழுதிய உரையாடலைப் பேச வேண்டும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பேண்டு குழு கலைந்தபோது ஒரு யூபோனியம் நான் பணியாற்றும் பள்ளிக்கு வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை எடுத்துக்கொண்டாள். புல்லாங்குழல் பிள்ளைகளுக்கு மெட்டைக் கொடுத்தேன். அவளுக்கு இரண்டே சுரம். ஓராண்டு போயிற்று. எனக்கு நடந்ததையே நான் அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். அது எனக்கு உறைக்கவே இல்லை. ஒருநாள் கேட்டாள்: "சார், எனக்குப் பாட்டு எப்ப வரும்?"

அன்றிரவே பதினாறு அளவில் ஒரு சிறு மெட்டு எழுதினேன். அவள் யூபோனியம், நான் கீபோர்டு. கடையில் வருவதுபோலவே என் தாளில் இரண்டு வரி, அவள் தாளில் ஒரு வரி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க தாள்ல என்னோடது இருக்கு சார், என் தாள்ல உங்களோடது இல்லையே" என்றாள். அவள் சும்மா இருக்கும் இடங்களில் மட்டுமல்ல, முழுவதுமே என் வரியைச் சிறு சுரங்களாக எழுதிக் கொடுத்தேன். இப்போது நான் தப்பாக வாசித்தால் அவள்தான் நிறுத்துகிறாள்.