இலங்கைத் தமிழர் குருதியும் உலக விஞ்ஞானமும்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரித்தானியாவில் உறவினர் உளர். அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர் சிலர் அளித்த குருதி, இன்று உலக ஆராய்ச்சியாளரின் பொதுச் சொத்தாக விளங்குகின்றது.

ஒருவருடைய பரம்பரையலகுகளின் முழுத்தொகையை ஜீனோம் என்பர். மனிதனுக்கு மனிதன் அது எவ்வாறு வேறுபடுகின்றது என அறியும்பொருட்டு, 2008ஆம் ஆண்டிற் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி ‘ஆயிரம் ஜீனோம் திட்டம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். பெயர் ஆயிரமாயினும், 2015இல் அது நிறைவுற்றபோது 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் அதில் இடம்பெற்றிருந்தனர். தென்னாசியக் கூட்டங்கள் ஐந்து. அவற்றுள் ஒன்று இலங்கைத் தமிழர். அவர்தம் தொகை 102. பஞ்சாபியரிடம் லாகூரிலும் வங்காளியரிடம் வங்காளதேசத்திலும் குருதி பெறப்பட்டது. குஜராத்தியர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலும், தெலுங்கரும் தமிழரும் பிரித்தானியாவிலும் சேர்க்கப்பட்டனர். கொழும்புத் தமிழனை அறியக் கடல்கடந்த அவன் உறவினனையே உலகம் நாடவேண்டியதாயிற்று!

அக்குருதியிலிருந்து வளர்த்தெடுத்த கலங்கள் அமெரிக்காவில் நியூஜேர்சி மாநிலத்துக் கொரியல் நிலையத்திற் பேணப்படுகின்றன. பரம்பரையலகுகளின் பட்டியல் மட்டும் போதுமா? மேளக் கச்சேரியில் வாத்தியங்களை எண்ணியவன் இராகத்தைக் கேட்டவனாகான். எந்த அலகு எவ்வளவு தொழிற்படுகின்றது, எது எதனைத் தூண்டுகின்றது, எது எதனை அடக்குகின்றது என்றெல்லாம் நோக்கி, உயிரை ஒரு முழுமையாகக் காண முயலும் துறையே தொகுதி உயிரியல். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த 26 கூட்டங்களிலுமிருந்து 731 பேரின் கலங்களை எடுத்து, அவற்றிற் பரம்பரையலகுகள் தொழிற்படும் அளவைக் கணித்தது.

இவ்விவரங்களுக்குக் கட்டணம் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரும், கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவரும் இணையவழி ஒரே ஏட்டைப் புரட்டலாம். முன்னைய தலைமுறையினர்க்கு இவ்வாய்ப்பு வாய்த்ததில்லை.

ஆயினும் ஒரு குறையுண்டு. குருதி அளித்தவரின் பெயரும் அங்கில்லை, நோயும் அங்கில்லை. பெயரை மறைத்தது முறையே. ஆனால், நூற்றிருவருள் நீரிழிவுடையார் யார், இல்லாதார் யார் என்று அறிய வழியில்லை. கொழும்பு நகரத்தாரைப் பெரிதும் வாட்டும் அந்நோயின் வரலாறு இங்குள்ள மருத்துவமனைக் குறிப்புகளிலேயே கிடக்கின்றது. அதனையும் பரம்பரையலகு விவரத்தையும் இணைக்கும் வேலை இலண்டனிலிருந்து ஆகக்கூடியதன்று. நோயாளரிடம், அவருக்கு விளங்கும் தமிழில், பயனையும் இடரையும் எடுத்துரைத்துச் சம்மதம் பெற்றே அதனைத் தொடங்கவேண்டும்.