திரையில் தமிழைத் தெரிவு செய்தல்



கணினித் திரையில் ஒரு தமிழ்த் தொடரைச் சுட்டியால் இழுத்துத் தெரிவு செய்கிறோம். வேறொரு சாளரத்தில் ஒட்டுகிறோம். அப்போது இடம்பெயர்வது யாது என்பதைத் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அறிந்திருத்தல் நன்று.

லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலமாக வழங்கும் எக்ஸ் சாளர முறைமை 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தோன்றியது. அதில் பெரிதும் பயன்படும் தெரிவு இருவகைப்படும். சுட்டியால் இழுத்த அளவிலேயே அமைவது முதன்மைத் தெரிவு. நடுப்பொத்தானை அழுத்தினால் அது ஒட்டப்படும். நகலெடுக்குமாறு கட்டளையிட்டால் அமைவது கிளிப்போர்டுத் தெரிவு. இரண்டும் தனித்தனியானவை. ஒன்றில் வைத்ததை மற்றொன்றில் தேடினால் கிட்டாது.

சாளர மேலாளர் என்னும் மென்பொருள் சாளரங்களை அடுக்குகிறது; நாம் தட்டச்சிடுவது எச்சாளரத்திற்குச் செல்லவேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. உரையைச் சுமந்து செல்வது அதன் பணியன்று. உரை, தெரிவு செய்த செயலியிடமே இருக்கும். ஒட்டும் செயலி கேட்கும்போதுதான் வழங்கப்படும். ஆதலால் ஒட்டுவதற்கு முன் முதற்செயலியை மூடிவிட்டால் தெரிவும் மறைந்துபோகக்கூடும்.

இவ்வாறு வழங்கப்படுவது எழுத்தின் வடிவமன்று, அதன் குறியெண்ணே. தமிழ்க் கணிமையின் வரலாறு இதனை நன்கு விளக்கும். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர் பலரும் பலவகைக் குறிமுறைகளில் எழுத்துருக்களை அமைத்தனர். கோலாலம்பூரில் 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்திலும் அவை பல வழக்கில் இருந்தன. அவற்றில் எழுதியதை வேறிடத்தில் ஒட்டினால் குறியெண்கள் சென்றன. எழுத்துரு உடன் செல்லவில்லை. தமிழாக இருந்தது பொருளற்ற இலத்தீன் குறிகளாகக் காட்சியளித்தது. யூனிகோடு தமிழுக்கெனத் தனிக் குறியெண்களை வழங்கியதால் அத்தடை நீங்கியது.

எனினும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்பது கண்ணுக்கு மூன்று வடிவங்கள். யூனிகோட்டில் வழக்கமாக இரண்டு குறியெண்கள். இலக்கணத்திற்கோ ஓர் எழுத்து. சுட்டியால் தெரிவு செய்யும்போது நல்ல மென்பொருள் அதனைப் பிளக்காமல் முழுமையாகவே எடுக்கவேண்டும். மாணவர்கள் இதனைத் தம் கணினியில் சோதித்துப் பார்க்கலாம். உயிர்மெய்யின் இயல்பும் அவ்வழியே விளங்கும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் பழைய பாடக்குறிப்புகளில் ஒரு வரியைத் தெரிவு செய்து, எளிய உரைத்திருத்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் அஞ்சவேண்டியதில்லை. இலத்தீன் குறிகளாக மாறினால், அக்குறிப்புகள் பழைய குறிமுறையில் உள்ளன என்று கொள்ளலாம். உரிய எழுத்துரு கைவசம் உள்ளபோதே யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். பல்லாண்டு உழைப்பில் விளைந்த பாடங்கள் அடுத்து வரும் ஆசிரியர்க்கும் பயன்பட அதுவே வழியாகும்.